கடை வாசலில் ஒரு பதிவேடு
கொள்ளைநோய்க் காலக் கண்காணிப்பும் நமது முன்னேற்பாடும்



2020-ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஊரெல்லாம் அடைத்துக் கிடந்தபோது, திறந்திருக்க வேண்டும் என்று அரசே சொன்ன கடைகளில் மளிகைக் கடையும் ஒன்று. அரிசி, பருப்பு, எண்ணெய் இல்லாமல் எந்தக் குடும்பமும் வீட்டுக்குள் அடங்கி இருக்க முடியாது. எனவே கொள்ளைநோய்க் காலத்தில் அரசாங்கம், மருத்துவமனை இவற்றுக்கு அடுத்தபடியாகப் பொதுமக்கள் தினமும் சந்தித்தது நம்மைத்தான். 2023-ஆம் ஆண்டு மே மாதம் 5-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கொரோனா நெருக்கடி நிலை முடிந்தது என்று அறிவித்தது. அதோடு நாமும் அந்தப் பேச்சை மூட்டை கட்டி வைத்துவிட்டோம். அப்படி வைப்பது சரியல்ல. இன்னொரு நோய் வரும்போது, யார் வந்தார், யார் போனார் என்று எழுதி வைக்கும் வேலை மறுபடியும் நம் கடை வாசலுக்குத்தான் வரும். அதை எப்படிச் செய்வது என்று இப்போதே தெளிந்து கொள்வது நல்லது.

நமது கடைவீதியில் ஒரு பேச்சு உண்டு. "தைவான், கொரியா, சிங்கப்பூர் மக்கள் அரசு சொன்னால் கேட்டுக் கொள்வார்கள். அது அவர்கள் பழக்கம். நம் ஜனங்கள் கேட்க மாட்டார்கள்" என்பார்கள். இது எவ்வளவு தூரம் உண்மை என்று பார்ப்போம். அந்த மூன்று இடங்களிலும் நடந்ததைக் கவனித்தால் வியாபாரிகளான நமக்கு நல்ல பாடம் கிடைக்கிறது.

1. பழக்கமா, பட்ட அனுபவமா?

தைவானிலும் தென் கொரியாவிலும் மக்கள் பரம்பரையாகவே அரசுக்குத் தலையாட்டுகிறவர்கள் என்று சொல்வது பொருந்தாது. தைவானில் 1949 முதல் 1987 வரை இராணுவச் சட்டம் நடந்தது. தென் கொரியாவிலும் 1987-இல் மக்கள் தெருவில் இறங்கிப் போராடிய பிறகுதான் இராணுவத்தார் பிடி தளர்ந்தது. வேவு பார்க்கும் அரசு எப்படி இருக்கும் என்பதை நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள் அவர்கள். அப்படியிருந்தும் 2020-இல் கண்காணிப்புக்கு ஏன் சம்மதித்தார்கள்?

காரணம், முன்பு பட்ட அடி. தைவானை 2003-இல் சார்ஸ் நோய் தாக்கியது. தைபே நகரில் ஒரு மருத்துவமனையை உள்ளே இருந்தவர்களோடு சேர்த்து மூட வேண்டி வந்தது. முன்னறிவிப்பு இல்லை, ஏற்பாடும் இல்லை. அந்த வேதனையை மக்கள் மறக்கவில்லை. அரசும் மறக்காமல் மறு ஆண்டே நெருக்கடிக்கான தனி அமைப்புக்கு அடித்தளம் போட்டது. 2019 டிசம்பர் 31 அன்றே வூஹானிலிருந்து வந்த விமானங்களில் ஏறிப் பயணிகளைச் சோதிக்கத் தொடங்கியது அந்த முன்னேற்பாட்டின் பலன்.

தென் கொரியாவில் 2015-ஆம் ஆண்டு மே மாதம் மெர்ஸ் நோய் வந்தது. 186 பேருக்குத் தொற்றி 38 பேர் இறந்தார்கள். எந்த மருத்துவமனையில் நோய் பரவுகிறது என்பதை முதலில் அரசு வெளியிடவில்லை. மக்கள் தாங்களே தகவல் திரட்டிப் பட்டியல் போட்டார்கள். கோபம் முற்றிய பிறகு ஜூன் 7-ஆம் தேதிதான் பெயர்கள் வெளிவந்தன. அந்த ஆண்டே சட்டத்தைத் திருத்தினார்கள். நோயாளி எங்கெங்கே போனார் என்பதை அறிய அட்டைக் கணக்கு, கேமராப் பதிவு, கைபேசி இருப்பிடம் ஆகியவற்றைப் பார்க்க அரசுக்கு அதிகாரம் வந்தது. மக்களுக்குத் தகவல் சொல்ல வேண்டிய கடமையும் கூடவே வந்தது. ஆகவே 2020-இல் கொரிய மக்கள் "அரசு நம்மைப் பார்க்கிறதே" என்று பயந்ததைவிட, "அரசு மறுபடியும் நம்மிடம் மறைத்துவிடுமோ" என்றே அதிகம் பயந்தார்கள்.

அனுபவத்தில் கற்றதை மற்றவர்களும் கற்க முடியும். நம் ஜனங்களுக்கும் அது முடியாத காரியமல்ல.

2. தைவான்: அட்டையைக் காட்டினால் பண்டம் கிடைத்தது

கொரோனா வந்ததும் தைவானில் முகக்கவசத்துக்குத் தட்டுப்பாடு. கடைகளில் வரிசை நின்றது, வந்த சரக்கு உடனே தீர்ந்தது. 2020 ஜனவரி 24-இல் ஏற்றுமதியைத் தடை செய்தார்கள். பிப்ரவரி 6 முதல் பங்கீடு தொடங்கியது. நாட்டில் ஏறக்குறைய எல்லோரிடமும் இருக்கும் மருத்துவக் காப்பீட்டு அட்டையைக் காட்டினால், பெரியவருக்கு வாரம் 2 முகக்கவசம். விலை ஒன்றுக்கு 5 தைவான் டாலர். அடையாள எண் ஒற்றைப்படையில் முடிந்தால் திங்கள், புதன், வெள்ளி. இரட்டைப்படை என்றால் செவ்வாய், வியாழன், சனி. ஞாயிறன்று எல்லோரும் வாங்கலாம்.

விற்றவர்கள் 6,000-க்கும் மேற்பட்ட மருந்துக் கடைக்காரர்கள். ஒவ்வொரு கடைக்கும் முதலில் தினம் 200 பெரியவர் கவசமும் 50 குழந்தைகள் கவசமும் வந்தன. மொத்தமாக வந்ததைப் பிரித்துச் சிறு பொட்டலம் போட்டது கடைக்காரர்தான். எந்தக் கடையில் எத்தனை இருப்பு என்பதை அரசு வெளிப்படையாகக் கொடுத்தது. படித்த இளைஞர்கள் அதை வைத்துக் கைபேசியில் வரைபடம் செய்தார்கள். இருப்பு தீர்ந்த கடைக்கு வீணாக நடக்க வேண்டியதில்லை. ஜனவரியில் நாளொன்றுக்குச் சுமார் 19 லட்சமாக இருந்த உற்பத்தி மார்ச்சில் 1 கோடியை எட்டியது. பங்கும் கூடியது. ஜூன் 1 முதல் தடையின்றி விற்க விட்டார்கள்.

இதில் ஒரு வியாபார நுட்பம் இருக்கிறது. மக்கள் தங்கள் அட்டையைக் கொடுத்தார்கள், பதிலுக்குப் பண்டம் பெற்றார்கள். வீட்டில் தனித்திருக்க உத்தரவு பெற்றவர்களின் கைபேசியையும் அரசு கண்காணித்தது. வெளியே போனால் 10 லட்சம் தைவான் டாலர் வரை அபராதம். ஆனால் ஒழுங்காக வீட்டில் இருந்தவருக்கு நாளொன்றுக்கு 1,000 டாலர் உதவித்தொகையும் கொடுத்தார்கள். ஒரு கையில் தடி, மறு கையில் கூலி. 2020 முடியும்வரை தைவானில் கொரோனாவால் இறந்தவர்கள் 7 பேர் மட்டுமே.

2021 மே மாதம் நோய் உள்ளே பரவியபோது கடை வாசலுக்கு ஒரு புது முறை வந்தது. வாசலில் ஒட்டிய சதுரக் குறியைக் கைபேசியில் பிடித்து 1922 என்ற எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். செலவு இல்லை. வாடிக்கையாளரின் எண் கடைக்காரர் கண்ணில் படாது. பதிவு 28 நாளில் அழியும். அப்படியும் அடுத்த மாதமே, போலீசார் ஒரு வழக்கில் இந்தப் பதிவைப் பயன்படுத்த முயன்றதை ஒரு நீதிபதி வெளியே கொண்டு வந்தார். நோய்த் தடுப்புக்கு மட்டும்தான் என்று அரசு மீண்டும் உறுதி சொல்ல நேர்ந்தது. பூட்டு நல்ல பூட்டானாலும் சாவி யாரிடம் இருக்கிறது என்று ஒருவர் கேட்டுக் கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

3. கொரியா: பொய்ப் பெயர் எழுதிய பதிவேடு

தென் கொரியாவில் ஒரு நோயாளி சென்ற வழியைத் தொகுக்க முன்பு ஒரு நாள் பிடித்தது. 2020 மார்ச் இறுதியில் வந்த கணினி முறையில் அதை 10 நிமிடத்தில் செய்தார்கள். விரைவு நல்லதே. ஆனால் தொடக்கத்தில், நோயாளியின் வயது, ஆணா பெண்ணா, எந்தக் கடைக்கு எத்தனை மணிக்குப் போனார் என்பதெல்லாம் ஊருக்கே அறிவிக்கப்பட்டது. பெயர் சொல்லாவிட்டாலும் அக்கம்பக்கத்தார் கண்டுபிடித்தார்கள். ஏளனப் பேச்சு கிளம்பியது. பெயர் வந்த கடைகளில் வியாபாரம் படுத்தது. அந்நாட்டு மனித உரிமை ஆணையம் மார்ச் மாதத்திலேயே இது அளவு மீறுகிறது என்று எச்சரித்தது. பிறகு அறிவிப்பைக் குறைத்தார்கள்.

மே மாதம் சியோல் நகரின் இத்தேவோன் பகுதியில் இரவு விடுதிகளில் நோய் பரவியது. விடுதிக்காரர்கள் வந்தவர்களின் பெயர், போன் நம்பரை எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் பட்டியலில் இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோரை முதலில் கண்டுபிடிக்க முடியவில்லை. பலர் பொய்யான விவரம் கொடுத்திருந்தார்கள். அந்த விடுதிகளில் சிலவற்றுக்குத் தன்பாலின விருப்பமுள்ளவர்கள் வருவது வழக்கம். வெளியே தெரிந்தால் வேலை போகும், வீட்டில் அவமானம் என்ற அச்சம் அவர்களுக்கு. சியோல் நகராட்சி மிரட்டலோடு நிற்காமல், பெயர் சொல்லாமலே சோதனை செய்து கொள்ளலாம், போன் நம்பர் போதும் என்று அறிவித்தது. அதன் பிறகு சோதனைக்கு வந்தோர் எண்ணிக்கை பெருகியது.

இந்த ஒரு நிகழ்ச்சியே முன்னே சொன்ன கடைவீதிப் பேச்சுக்குப் பதில். சொன்னால் கேட்பவர்கள் என்று நாம் நினைக்கும் அதே மக்கள், அவமானம் வரும் என்று தெரிந்ததும் மறைத்தார்கள். அந்த பயம் நீங்கியதும் தாமாக வந்தார்கள்.

ஜூன் 10 முதல் கைபேசிக் குறியைக் காட்டி நுழையும் முறை வந்தது. பதிவு 4 வாரத்தில் அழிக்கப்பட்டது. கையால் எழுதும் நோட்டு வைத்திருந்த சிறு கடைகளில் வேறொரு தொல்லை. வாடிக்கையாளர் பெண்களின் நம்பரைப் பின்னால் வந்தவர்கள் குறித்துக் கொண்டு வேண்டாத செய்தி அனுப்பினார்கள். அதனால் செப்டம்பரில் பெயர் எழுத வேண்டாம், ஊரும் போன் நம்பரும் போதும் என்றார்கள். 2021 பிப்ரவரியில் போன் நம்பருக்குப் பதிலாக 6 எழுத்து எண் கொண்ட தனிக் குறியீட்டைக் கொடுத்தார்கள். ஆள் ஆளாகக் குறை சொல்லச் சொல்ல முறை திருந்தியது என்பதைக் கவனிக்க வேண்டும்.

4. சிங்கப்பூர்: கொடுத்த வாக்கும் அரிசி மூட்டையும்

சிங்கப்பூரில் 2020 மார்ச் 20-இல் டிரேஸ்டுகெதர் என்ற கைபேசிச் செயலி வந்தது. யாருக்கு அருகில் யார் இருந்தார் என்பதை அது குறித்துக் கொள்ளும். கைபேசி இல்லாத முதியவர்களுக்குச் சாவிக்கொத்து போலத் தொங்கவிடும் சிறு கருவி கொடுத்தார்கள். நோயாளியைத் தொடரும் வேலைக்கு மட்டுமே இது என்று அமைச்சர் ஜூன் மாதம் வாக்குக் கொடுத்தார். 2021 தொடக்கத்தில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட மக்கள் சேர்ந்திருந்தார்கள்.

2021 ஜனவரி 4-இல் பாராளுமன்றத்தில் வேறொன்று வெளிவந்தது. குற்ற விசாரணைச் சட்டப்படி போலீசாரும் இந்தப் பதிவைக் கேட்டு வாங்கலாம், ஒரு கொலை வழக்கில் வாங்கியும் இருக்கிறார்கள் என்று தெரிந்தது. ஒழுங்குக்குப் பெயர் போன சிங்கப்பூர் மக்களே மனம் கசந்தார்கள். சிலர் தங்கள் பதிவை அழிக்கச் சொன்னார்கள். அமைச்சர் தவறுக்குப் பொறுப்பேற்றார். பிப்ரவரி மாதத்திலேயே சட்டம் கொண்டு வந்து, 7 வகையான கடும் குற்றங்களுக்கு மட்டும் என்று எல்லை வகுத்தார்கள். 2023-இல் அந்த முறையை நிறுத்தி, அந்த ஒரு கொலை வழக்குக்கு உரியது தவிர மற்றப் பதிவுகளை அழித்தார்கள்.

அதே சிங்கப்பூரில் மொத்த வியாபாரிகள் படிக்க வேண்டிய இன்னொரு ஏற்பாடும் உண்டு. அரிசி இறக்குமதி செய்பவர், மாதம் கொண்டுவரும் அளவைப் போல இரண்டு மடங்கை எப்போதும் இருப்பில் வைத்திருக்க வேண்டும். இதற்கு உட்பட்ட அரிசிகளில் நம் பொன்னியும் ஒன்று. 2020 பிப்ரவரி 7-இல் நோய் எச்சரிக்கையை ஆரஞ்சு நிலைக்கு உயர்த்தியதும், மக்கள் கடைகளில் புகுந்து அரிசியையும் நூடுல்ஸையும் அள்ளினார்கள். ஆனால் கிடங்கில் சரக்கு இருந்தது, அலமாரிகள் சீக்கிரமே நிரம்பின, பதற்றம் அடங்கியது. இருப்பு இருக்கிறது என்று வாயால் சொன்னால் போதாது. கண்ணால் காட்ட வேண்டும்.

5. நம் ஊர்க் கதை

நம் நாட்டில் அரசின் நோய்க் கண்காணிப்பைப் பற்றிய நினைவு கசப்பானது. 1896-இல் பம்பாய்க்குப் பிளேக் வந்தது. 1897-இல் கொள்ளைநோய்ச் சட்டம் போட்டு, புனா நகரில் வெள்ளைச் சிப்பாய்களை வீடு வீடாக நுழைய விட்டார்கள். மக்களின் ஆத்திரத்தில் அதிகாரி ராண்ட் சுடப்பட்டார். நோயைவிட நோய்க்காரனைத் தேடி வருபவனுக்கு அஞ்சும் பழக்கம் அன்று வேரூன்றியது.

2020-லும் அதன் சாயல் இருந்தது. நோய் கண்ட வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டினார்கள். சென்னையில் சில இடங்களில் தகரம் வைத்து அடைத்தார்கள். அக்கம்பக்கத்தார் பார்வைக்குப் பயந்தே பலர் சோதனைக்குப் போகத் தயங்கினார்கள். உரிய அதிகாரி சட்டப்படி உத்தரவிட்டாலன்றி வீடுகளில் அறிவிப்பு ஒட்டக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் அந்த டிசம்பரில் சொல்ல வேண்டியதாயிற்று. ஏப்ரல் 2-இல் வந்த ஆரோக்கிய சேது செயலியை மே 1 உத்தரவில் எல்லா ஊழியர்க்கும் கட்டாயம் என்றார்கள். அதே மாதத்தில் இயன்றவரை என்று தளர்த்தினார்கள்.

நம் இனத்தாருக்கு மறக்க முடியாதது கோயம்பேடு. 2020 மே 5-இல் சந்தை மூடப்பட்டது. அதற்குள் வியாபாரிகளும் லோடுமேன்களும் கடலூர், விழுப்புரம், அரியலூர் என்று சொந்த ஊர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். அவர்கள் பின்னால் நோயும் போயிற்று. சந்தைக்கு யார் வந்தார், எந்த லாரியில் போனார் என்ற முழுக் கணக்கு எவரிடமும் இல்லை. "கோயம்பேட்டுக்காரர்" என்ற சொல்லே சில மாதங்கள் ஏச்சுச் சொல்லாயிற்று. கணக்கு இருந்திருந்தால் சிலரை மட்டும் தனித்து வைத்து, மற்றவர் பிழைப்பைக் காத்திருக்கலாம். பதிவேடு வேண்டாம் என்று சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். கண்காணிப்பே இல்லாத இடத்தில் பழி எல்லோர் மேலும் விழுகிறது.

6. பற்று வரவு நோட்டு சொல்லும் நியாயம்

நம் கடையில் பற்று வரவு நோட்டு இருக்கிறது. ஒரு குடும்பம் மாதம் எவ்வளவு கடன் வைத்தது, எப்போது தீர்த்தது என்பது நமக்குத் தெரியும். அதை எழுத வாடிக்கையாளர் ஏன் சம்மதிக்கிறார்? எதற்காக எழுதுகிறோம் என்பது அவருக்குத் தெரியும். பக்கத்து வீட்டாருக்கு அதை நாம் காட்ட மாட்டோம். கடன் தீர்ந்ததும் அவர் கண் முன்னே அடித்துவிடுவோம். பதிலுக்கு அவருக்குச் சரக்கு கிடைக்கிறது.

மூன்று நாடுகளிலும் கண்காணிப்பு நிலைத்ததும் குலைந்ததும் இந்த நான்கு காரணங்களால்தான். எதற்கு, யார் பார்ப்பார், எத்தனை நாள், பதிலுக்கு என்ன? இந்த நான்கும் தெளிவாக இருந்தால் மக்கள் பெயர் கொடுப்பார்கள். ஒன்று குறைந்தாலும் பொய்ப் பெயர் எழுதுவார்கள். பொய்ப் பெயர் நிறைந்த நோட்டால் நோயும் நிற்காது, யாருக்கும் பயனும் இல்லை.

7. நாம் செய்ய வேண்டியவை

அ) பதிவேடு எழுதச் சொன்னால், திறந்த நோட்டை வாசலில் போட வேண்டாம். தனித்தனிச் சீட்டில் எழுத வைத்து, பூட்டிய பெட்டியில் போடச் சொல்லுங்கள். நாளுக்கு ஒரு உறை. அரசு குறித்த கெடு முடிந்ததும் கிழித்து எரித்துவிடுங்கள்.

ஆ) வாசலில் ஒரு பலகை வையுங்கள். "நோய்த் தடுப்புக்கு மட்டும். சுகாதாரத் துறைக்கு மட்டுமே தரப்படும். இத்தனை நாளில் அழிக்கப்படும்" என்று பெரிய எழுத்தில் இருக்கட்டும். சொன்னபடி நடவுங்கள்.

இ) அந்த நம்பர்களுக்குத் தீபாவளிச் சலுகை விளம்பரம் அனுப்பும் ஆசை வேண்டவே வேண்டாம். வேறு யாராவது சீட்டைக் கேட்டால், எழுத்து மூலம் உத்தரவு கேளுங்கள், சங்கத்துக்கும் தெரிவியுங்கள்.

ஈ) கடைச் சிப்பந்திகள், லோடுமேன்கள் யார் எந்த நாள் வந்தார்கள் என்ற வருகைக் கணக்கு எப்போதும் இருக்கட்டும். உடம்பு சரியில்லை என்று சொல்பவருக்குச் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள். பிடித்தால் அடுத்தவர் காய்ச்சலை மறைத்துக் கொண்டு மூட்டை தூக்குவார்.

உ) அரிசி, பருப்பு, எண்ணெய், சோப்பு ஆகியவற்றில் வழக்கத்தைவிட இரண்டு வாரச் சரக்கு கூடுதலாக வைத்துச் சுழற்சியில் விற்று வாருங்கள். பழையது முன்னே, புதியது பின்னே. அரசு இருப்பு வரம்பு விதித்த பண்டங்களில் அந்த வரம்புக்குள் நில்லுங்கள்.

ஊ) கூட்டம் முட்டும்போது ஒருவருக்கு இவ்வளவு என்று முதல் நாளே அளவு வையுங்கள், விலையை ஏற்றாதீர்கள். 2020 மார்ச்சில் முகக்கவசமும் கைகழுவும் திரவமும் அத்தியாவசியப் பண்டமாக்கப்பட்டு, 3 அடுக்குக் கவசம் 10 ரூபாய், 200 மில்லி திரவம் 100 ரூபாய் என்று உச்சவரம்பு வந்தது. சிலர் அதிக விலைக்கு விற்றதன் விளைவு அது. பதுக்கலும் கொள்ளை விலையும் இருந்தால் நம் கிடங்கும் கண்காணிப்புக்கு உள்ளாகும், அப்போது முறையிட நமக்கு வாய் இருக்காது.

எ) சங்கம் இப்போதே மாவட்ட நிர்வாகத்துடன் பேசி, ஒரே மாதிரிச் சீட்டு, ஒரே கெடு, பொறுப்பான ஒரே அதிகாரி என்று எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும். வெள்ளம் வந்த பிறகு கரை போட முடியாது.

சங்கக் கூட்டத்தில் கலந்து பேச

1. நம் கடையில் பெயர் எழுதச் சொன்னால் எந்த வாடிக்கையாளர் தயங்குவார்? ஏன்?
2. இன்றே கடை அடைப்பு வந்தால் நம் இருப்பு எத்தனை நாள் தாங்கும்?
3. நேற்று நம் கடையில் வேலை செய்தவர்கள் அனைவரையும் ஒரு மணி நேரத்தில் தொடர்பு கொள்ள முடியுமா?
4. பதிவேட்டை அழிக்கும் பொறுப்பு கடையில் யாருடையது?

இந்த நான்கிற்கும் பதில் எழுதி வைத்துள்ள கடை, அடுத்த நோய்க்குப் பாதி தயாராகிவிட்ட கடை. அரசு கேட்கும் கணக்கையும் கொடுக்க வேண்டும், வாடிக்கையாளர் நம்பிக் கொடுத்த பெயரையும் காக்க வேண்டும். கடனைக் கேட்டு வாங்கிக் கொண்டே குடும்பத்தின் மானத்தையும் காத்து வருகிறவர்கள் நாம். இதுவும் அதே வேலைதான்.